றீற்றாவுக்கு வாங்கிய தடி

1

இந்த மே மாதத்தோடு என் மகள் றீற்றா இத்தாலியை, இந்தப் பலெர்மோ நகரை, விட்டுப் போய் இரண்டு வருடம். அந்தக் கிழமைதான் கனடாவிலிருந்து அவளுடைய கடிதம் வந்தது. உறையில் என் பெயர் இருந்தது.

இரண்டு வருடமாக அவள் தாய்க்குத்தான் எழுதினாள். மாதம் ஒரு கடிதம். நலம். குளிர். அவரும் நலம். அவ்வளவுதான். என் மனைவி பிலோமினா சத்தமாக வாசிப்பாள். நான் சப்பாத்து துடைத்துக்கொண்டு கேட்பேன். அப்பா எப்படி என்று ஒரு வரி எப்போதாவது வரும் என்று நினைப்பேன். வராது.

இந்தக் கடிதம் அரைப் பக்கம். அவளுடைய தமிழ் எழுத்து எப்போதும் கோணல். பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவள்.

“அப்பா, இஞ்சை கடற்கரையில் நின்று சல்மோன் பிடிக்கிறார்கள். தோணி வேண்டாம். எறிந்து சுற்றுகிற தடிதான், நாங்கள் பிடித்தது போல. கடையில் நூறு விதம் இருக்கு. எனக்கு எது சரி? எழுதவும். றீற்றா.”

மூன்று தரம் வாசித்தேன்.

“என்னவாம்?” என்றாள் பிலோமினா.

“தடி வேணுமாம்.”

“என்ன தடி?”

“மீன் பிடிக்கிற தடி.”

“ரெண்டு வருசம் வாய் திறவாதவள், திறந்து கேட்டது தடியோ?” அவள் கடிதத்தைப் பறித்துப் பார்த்தாள். மறுபக்கமும் திருப்பிப் பார்த்தாள். “நல்ல தேப்பனும் நல்ல மகளும்.”

 கடிதத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

2

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு, ஏன் அவள் என்னோடு கதைக்கவில்லை என்று சொல்லவேண்டும். மறைக்க ஒன்றும் இல்லை.

நான் மன்னார்க் கரையோரத்து ஆள். படிப்பு ஏழாம் வகுப்பு. கடலில் கைநூல் போட்டுப் பிடித்துப் பழகியவன். பலெர்மோ வந்து முதலில் சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. பிறகு ஒரு இத்தாலிய அம்மா, சின்யோரா என்று கூப்பிடுவேன், அவர் வீட்டில் துடைப்பு, சமையல், கடைக்குப் போவது. பதினொரு வருடமாக அதே வீடு. இங்கே வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. நான் வியாழனில் கடற்கரைக்குப் போவேன். அப்போது நாங்கள் பிரான்காச்சோவில் இருந்தோம். கடலுக்கு நடக்கிற தூரம்தான். அழகான கரை இல்லை. இடித்த கட்டடங்களின் கல்லைக் கொண்டுவந்து கொட்டிய இடம். ஆனால் மீன் வரும்.

முதலில் ஊர் வழக்கப்படி கைநூல்தான். ஈயக்குண்டைத் தலைக்கு மேலே சுழற்றி எறிவேன். பக்கத்தில் நின்ற கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டு திட்டுவார்கள். பிறகு சின்யோரா, செத்துப்போன தன் புருசனின் தடியைத் தந்தார். அடியில் நூல் சுற்றுகிற உருளை பூட்டியது. எறிய நூல் ஓடும், கைப்பிடியைச் சுற்ற நூல் வரும். நான் அதைப் பிழையாகவே பிடித்தேன். றீற்றாவுக்குப் பதின்மூன்று வயது. என்னோடு வந்தவள் ஒருநாள் அதை வாங்கி எறிந்தாள். நூல் நுனியில் கட்டிய பொய் மீன் நான் எறிந்ததை விட இரண்டு மடங்கு தூரத்தில் போய் விழுந்தது. கிழவர்கள் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து வியாழன் என்றால் இருவரும்தான். முரல் மீன் வரும் மாதத்தில் பை நிறையக் கொண்டுபோவோம். அவள் கிழவர்களோடு அவர்களுடைய சிசிலிப் பாஷையில் சண்டை பிடிப்பாள். என்னோடு அதிகம் கதையில்லை. எனக்கும் கதை வராது. தடியை மாற்றி மாற்றிப் பிடிப்போம். அது போதும்.

அவளுக்குப் பதினெட்டு வயதானபோது, கடற்கரையில் ஒரு பலெர்மோப் பொடியனோடு கதைத்துக்கொண்டு நின்றாள் என்று கோயிலில் கதை வந்தது. தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கனடாவிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் படம் வந்தது. நல்ல குடும்பம், நம்முடைய சமயம், குடி இல்லை. நான் சரி என்றேன். பத்தொன்பது வயதில் விமானம் ஏற்றினேன்.

விமான நிலையத்தில் தாயைக் கட்டிப் பிடித்தாள். எனக்கு முன்னால் வந்து நின்றாள். நான் பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

3

சல்மோன் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நத்தார்ப் பண்டிகைக்குச் சின்யோரா வாங்குவது. காகிதம் போல மெல்லிய துண்டு, செம்மஞ்சள் நிறம். பாணில் வெண்ணெய் பூசி நான் மேலே அடுக்குவேன். தலை எங்கே, வால் எங்கே என்று கண்டதில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் சால்வோ என்பவரின் தூண்டில் கடை இருக்கிறது. வியாழக்கிழமை அங்கே போனேன்.

“சால்வோ, கரையிலை நிண்டு சல்மோன் பிடிக்க ஒரு தடி வேணும்.”

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பினார்கள்.

“அந்தோனியோ,” என்றார் சால்வோ. இங்கே எனக்கு அதுதான் பெயர். “இந்தக் கடலிலை நான் முப்பது வருசம். சல்மோனைத் தட்டிலை மட்டும்தான் கண்டனான்.”

“தேசிக்காயும் சேர்த்துக் குடு சால்வோ,” என்றார் ஒரு கிழவர். “பிடிச்ச கையோடை பிழிஞ்சு சாப்பிட.”

“மகளுக்கு,” என்றேன். “கனடாவிலை இருக்கிறாள்.”

சிரிப்பு நின்றது.

“ஆர், அந்த றீத்தாவோ? எங்கள் எல்லாரையும் விடத் தூர எறிவாளே, அவளோ?” சால்வோ கண்ணாடியை எடுத்து மாட்டினார். “அதை முதல் சொல்ல மாட்டியா?”

ஏழெட்டுத் தடிகளை எடுத்து மேசையில் போட்டார். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். கரை மணலா, கல்லா? ஆழம் எவ்வளவு தூரத்தில்? மீன் எவ்வளவு பாரம்? கரையிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது? பக்கத்தில் மீனை அள்ள வலைக்கூடை பிடிக்க ஆள் இருக்கிறதா, இல்லையா?

 இரண்டு வருடத்தில் அவள் நிற்கிற கரை மணலா கல்லா என்றுகூட நான் அறியவில்லை.

“கேட்டு எழுதிப் போட்டு வா,” என்றார்.

அன்றிரவு எழுதினேன். ஐந்து கேள்வி, ஒன்றின் கீழ் ஒன்றாக. வேறு எதுவும் எழுதவில்லை. பிலோமினா எட்டிப் பார்த்தாள்.

“இது கடிதமோ, பொலிஸ் விசாரணையோ? சுகமோ எண்டாவது கேளுங்கோவன்.”

“அதுக்குத்தான் கேட்டிருக்கு,” என்றேன்.

4

பதில் மூன்று கிழமையில் வந்தது.

கல். உருண்டைக் கல், வழுக்கும். பத்து அடி வைத்தால் ஆழம். மீன் மூன்றிலிருந்து ஐந்து இறாத்தல். சல்மோனில் சின்ன இனம். அது ரோஸ் நிறப் பொய் மீனுக்குத்தான் வரும். முப்பது நாற்பது மீட்டரில் துள்ளுவது தெரியும். “இஞ்சை மீன் பிடிக்கவும் பெர்மெஸ்ஸோ வேணும் அப்பா,” என்று எழுதியிருந்தாள். இத்தாலியில் இருக்க எங்களுக்குத் தருகிற அனுமதிக் கடதாசிக்குத்தான் அந்தப் பெயர். “எடுத்திட்டன். தூண்டில் நுனிக்குக் கீழே இருக்கிற எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்க வேண்டும். அது சட்டம்.”

ஐந்தாவது கேள்விக்கு, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்றதற்கு, ஒரு சொல். தனிய.

அதற்குக் கீழே, வேறு பேனையால், பிறகு எழுதியது போல: “அவருக்கு ஹோட்டலில் ரெண்டு நேரமும் வேலை. பகலில் நித்திரை. நான் சத்தம் போடாமல் வெளியில் போவேன்.”

மருமகனைக் குறை சொல்ல நான் வரவில்லை. உழைக்கிற பிள்ளை. நானும் இங்கே அப்படித்தான் இருந்தேன்.

அந்தக் கிழமை என்னுடைய பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூராவுக்குப் போகவேண்டியிருந்தது. வெளிநாட்டார் கடதாசிகளைப் பார்க்கிற பொலிஸ் அலுவலகம் அது. காலை ஐந்து மணிக்கு வரிசை. பதினொரு மணிக்கு என் முறை. கையெழுத்து வைத்த பிறகும் நான் போகவில்லை.

“இன்னொண்டு கேக்கலாமோ சின்யோர்?”

“கேள்.”

“மகள் இஞ்சை இருந்தவள். கனடா போனவள். திரும்பி வந்து எங்களோடை இருக்க ஏலுமோ?”

“பெர்மெஸ்ஸோ?”

“முடிஞ்சுது.”

“வயது?”

“இருபத்தொண்டு.”

“கல்யாணம்?”

“ஓம்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. பேனையை மூடிவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “சட்டத்திலை குடும்பம் எண்டால் மனிசி, வயசு வராத பிள்ளை. வயசுக்கு வந்து கலியாணமும் முடிச்சவள் உன்ரை குடும்பம் இல்லை.”

கிராத்சியே என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பிலோமினாவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை என்பதால் பொய்யும் சொல்லவில்லை.

5

சால்வோ கடிதத்தை நான் இத்தாலியனில் சொல்லச் சொல்லக் கேட்டார்.

“தனியா?”

“தனிய.”

ஐந்து தடியை எடுத்து அப்பால் வைத்தார். “இதெல்லாம் விறைச்ச தடி. கிட்ட ஒரு ஆள் நிண்டால் சரி. தனிய நிக்கிற ஆளுக்கு நுனி வளைய வேணும். மீனைத் தூக்க ஆள் இல்லை, என்ன? அவள் தடியைப் பிடிச்சபடி பின்னுக்கு நடந்து, மீனைக் கல்லிலை சறுக்கி ஏத்த வேணும். அந்த நேரம் மீன் துடிச்சால் தடிதான் தாங்க வேணும்.”

மிஞ்சியது இரண்டு. இரண்டும் ஒன்பது அடி, இரண்டு துண்டாகக் கழற்றுவது. கையில் எடுத்துப் பார்த்தேன். பாரம் குறைந்ததை எடுத்தேன். நாலு மணித்தியாலம் தோள் மாற்ற ஆளில்லாமல் நிற்கப் போகிறவள்.

உருளை நடுத்தர அளவு. உப்புக் கடலுக்குப் பாவிப்பது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவினால் பத்து வருடம் உழைக்கும் என்றார். பொய் மீன், வெள்ளிநிறத் தகடு, ஆறு எடுத்தேன். ரோஸ் நிறத்தில் அவரிடம் இல்லை. சின்யோராவிடம் நகப்பூச்சு கேட்டேன்.

“உனக்கா அந்தோனியோ?”

“மீனுக்கு, சின்யோரா.”

அவர் நெடுநேரம் சிரித்தார். இரண்டு போத்தல் தந்தார். சமையலறை ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டு மூன்று தரம் பூசினேன்.

நூலில்தான் சண்டை வந்தது. நைலோன் தங்கூசி. சால்வோ மெல்லியது, இருபத்தைந்தாம் நம்பர் என்றார். நான் ஐம்பது என்றேன்.

“ஐஞ்சு இறாத்தல் மீனுக்கு ஐம்பதா? மாட்டைக் கட்டப் போறாயா?”

“அறுந்தால்?”

“அறாது. உருளையிலை பிரேக் இருக்கு. மீன் இழுத்தால் அது நூல் குடுக்கும்.”

அந்தப் பிரேக்கை நான் ஒருநாளும் நம்பியதில்லை. கைநூல் பிடித்த எங்களுக்கு நூல் விடுவதும் பிடிப்பதும் விரல்தான். இயந்திரம் விடும் என்றால் மனம் ஒப்பாது. மீன் போனால் அன்றைக்குச் சோறு போனது. மொத்தமான நூல், இறுக்கிய பிடி. அப்படித்தான் எங்கள் ஆட்கள் எல்லோரும் பிடித்தோம்.

ஐம்பதாம் நம்பரையே சுற்றினேன். பிரேக் திருகாணியை முடிந்த மட்டும் இறுக்கி, மேலே ஒட்டும் நாடா சுற்றினேன். “இதை அவிழ்க்காதே” என்று எழுதி வைத்தேன்.

தடி, உருளை, தகடு எல்லாவற்றையும் அகலமான தண்ணீர்க் குழாய் ஒன்றுக்குள் போட்டு இரண்டு பக்கமும் அடைத்தேன். மாஃபியா இங்கே நீதவான்களைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு, தெருவெல்லாம் சிப்பாய்கள் நிற்கிற காலம் இது. தபாற் கந்தோருக்குப் போகிற வழியில் ஒருவன் கை காட்டினான். தாடி முளைக்காத முகம். நான் குழாயை நிலத்தில் வைத்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு திரும்பி நின்றேன். அவன் சொல்லவே இல்லை. மன்னாரில் பழகிய உடம்பு தானாகச் செய்தது.

“இறக்கு, இறக்கு,” என்றான் அவன் கூச்சத்தோடு. “என்ன அது?”

“தடி. மகளுக்கு.”

திறந்து பார்த்தான். ரோஸ் நிறத் தகடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு தானே அடைத்துத் தந்தான்.

6

ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிறு, பல்லரோச் சந்தைக்குப் பக்கத்து ரெலிபோன் கடையிலிருந்து எடுத்தேன். இங்கே பின்னேரம், அங்கே காலை. இதுவரை பிலோமினாதான் கதைப்பாள், நான் கண்ணாடிக் கூட்டுக்கு வெளியே நிற்பேன். அன்றைக்கு அவள் வேலை செய்கிற வீட்டில் விருந்து. தனியாகப் போனேன்.

“அம்மாவோ?”

“அப்பா.”



“தடி வந்துதோ?” என்றேன்.

“வந்தது. ஆறு மீன் கடிச்சுத் தப்பிப் போட்டுது அப்பா.”

“அறுத்ததோ?”

“அறுக்கேல்லை. உங்கடை நூல் எங்கை அறும்? அதாலை கப்பல் கட்டலாம்.” சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு இரண்டு வருடத்துக்கு மேல். “இந்த மீனுக்கு வாய் மெல்லிசு அப்பா. இறுக்கிப் பிடிச்சால் வாய் கிழிஞ்சு போயிடும். கரையிலை ஒரு கிழவர் பாத்திட்டு, இதென்ன, சுறாவுக்கோ எண்டு கேட்டார். நீங்கள் சுத்தின நாடாவை அவிழ்த்திட்டன். நூலையும் மாத்தப் போறன்.”

“மாத்து. சால்வோ இருபத்தைஞ்சு எண்டவர்.”

“அப்ப ஏன் கேக்கேல்லை?”

 காசு முடிந்தது.

அடுத்த ஞாயிறு திரும்ப எடுத்தேன். பிலோமினாவும் வந்தாள். கூட்டுக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை. “நீங்கள் முதல் கதையுங்கோ,” என்று சொல்லி வெளியே நின்றாள்.

“அப்பா, ஒண்டு பிடிச்சன்.”

“எவ்வளவு?”

“நாலு இறாத்தல் வரும். பிரேக்கைத் தளர்த்தி, நூல் குடுத்துக் குடுத்து, பின்னுக்கு நடந்து கல்லிலை ஏத்தினன்.”

“வடிவு. என்ன செய்தாய்? பொரிச்சியோ, குழம்போ?”

“விட்டிட்டன்.”

“தப்பிட்டுதோ?”

“இல்லை. கையிலை வச்சுப் பாத்தன். பிறகு தண்ணியிலை விட்டிட்டன்.” சத்தம் சின்னதாகியது. “ஆருக்குச் சமைக்கிறது அப்பா? அவர் ஹோட்டலிலை சாப்பிட்டிட்டு வாறார். நான் ஒராள் அவ்வளவு பெரிய மீனை வச்சு என்ன செய்யிறது?”

எங்கள் வீட்டில் ஒரு மீனும் தண்ணீருக்குத் திரும்பப் போனதில்லை. 

“நீங்கள்தானே அப்பா அனுப்பினது,” என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிலோமினா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம்,” என்றேன். “நான்தான்.”

கண்ணாடிக்கு முதுகைத் திருப்பினேன்.

“உன்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை. பிழை.”

இவ்வளவும் ஒரே மூச்சில் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. 

“நூல்தான் அப்பா பிழை,” என்றாள். “தடி நல்ல தடி.”

ரெலிபோனை வைக்காமல் வெளியே வந்து பிலோமினாவை உள்ளே விட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். 

7

திரும்பி வா என்று அவளிடம் சொல்ல எனக்கு வழி இல்லை. குவெஸ்தூராவில் அது முடிந்த கதை. ஆனால் நான் போகலாம் அல்லவா? இது ஏன் முதல் நினைவுக்கு வரவில்லை என்று தெரியாது. அனுப்பிப் பழகியவன் போவதைப் பற்றி யோசிப்பதில்லை.

கனடா விசாப் படிவத்தைச் சின்யோரா நிரப்பித் தந்தார். வேலை செய்கிற கடதாசி, வீட்டு வாடகைக் கடதாசி, எல்லாம் சேர்த்து ரோமுக்கு அனுப்பினோம். எங்கள் கடவுச்சீட்டுக்கு இலேசில் கொடுக்க மாட்டார்கள் என்று இங்குள்ள ஆட்கள் சொல்கிறார்கள். சின்யோராவின் வக்கீலும் அதைத்தான் சொன்னார். போன ஆட்கள் திரும்பி வரவில்லையாம்.

படிவம் போய் ஏழு கிழமை. இன்னும் பதில் இல்லை. ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுக்கிறேன். கதை இன்னும் தடி, நூல், மீன்தான். எனக்கு வேறு கதை வராது. அவள் இடையில் ஏதாவது சொல்வாள். தையல் வகுப்புக்குப் போகிறாள். மழை தொடங்கிவிட்டது. மருமகனுக்கு ஒருநாள் லீவு கிடைத்துக் கரைக்கு வந்தானாம், கல்லில் வழுக்கி விழுந்தானாம்.

போன ஞாயிறு சொன்னாள்: “அப்பா, இப்ப நான் மீனை விடுறேல்லை. வெட்டி உப்புப் போட்டு வச்சிருக்கிறன். மூண்டு கிடக்கு. நீங்கள் வந்தாப்பிறகுதான் எடுப்பன்.”

“விசா இன்னும் வரேல்லைப் பிள்ளை.”

“தெரியும்.”

“வராமலும் விடலாம்.”

“கிடக்கட்டும் அப்பா,” என்றாள். “உப்புத்தானே போட்டிருக்கு.”